சவுக்குக் கம்பில் பேங்க் சார் தலை

கட்டுகிற வீட்டில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கினால் அது பாதுகாப்பு. இரண்டு தொங்கினால் வீட்டுக்காரர் கொஞ்சம் பயந்தவர் என்று அர்த்தம். இருபது இருந்தால் வேலைக்கு வந்த ஆள் உள்ளே வரமாட்டான், வீட்டுக்காரர் மணல் குவியலில் உட்கார்ந்துவிடுவார், தெருவில் சைக்கிள் போக வழி இருக்காது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இருபதையும் ஏற்றி வைத்தவள் நான்தான்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயசு. எட்டாவது பெயில். (ஒரு தரம் இல்லை. விடுங்கள்.) சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா கொத்தனார் மேஸ்திரி. அந்த வருஷம் ஆடி மாசம் மஞ்சள் காமாலை வந்து, ஒரே வாரத்தில் போய்விட்டார். அம்மா பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தாம்பரம் சானடோரியம் பக்கம் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போய்விட்டாள். நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா வந்ததும் இரண்டு பேரும் அரிசி விலை, தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பேசுவோம். அப்பாவைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். பேசினால் நான் அழுவேன் என்று அவளுக்குப் பயம். அவள் அழுவாள் என்று எனக்குப் பயம். அவருடைய தட்டைக்கூட அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் லீசா வந்தாள். டென்மார்க்காரி. அவள் ஊரில் படிப்பு முடித்தவர்கள் வேறு நாட்டுக்குப் போய் ஒரு வருஷம் சம்பளம் வாங்காமல் வேலை செய்வார்களாம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "சம்பளம் இல்லாம வேலை செய்ய ஏன் அவ்ளோ தூரத்துல இருந்து வரணும்? எங்க கம்பெனி ஓவர்டைமே அப்படித்தானே" என்றாள்.

லீசாவை அனுப்பிய டிரஸ்டுக்காரர்கள் குழந்தைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்த ஒரு கொட்டகை பிடித்திருந்தார்கள். லீசா கைவேலை சொல்லிக்கொடுப்பாள், கூடமாட உதவ உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும். எங்கள் லைனில் பகலில் சும்மா இருந்த ஒரே ஆள் நான். அப்படித்தான் என் நேர்முகத் தேர்வு முடிந்தது.

போய்ப் பார்த்தால், அது அப்பாவின் சிமெண்ட் கொட்டகை.

பேங்கில் வேலை பார்க்கும் ஒரு சாருக்கு அப்பா கட்டிக்கொண்டிருந்த வீடு அது. எல்லாரும் அவரைப் பேங்க் சார் என்றுதான் சொல்வோம். சுவர் ஜன்னல் உயரத்துக்கு மேலே வந்திருந்தது, சுற்றிச் சவுக்குக் கம்பால் சாரம் கட்டியிருந்தது. அப்பா போனதும் வேலை அப்படியே நின்றுவிட்டது. சிமெண்ட் வைக்கும் கொட்டகை காலியாகக் கிடந்ததால், "மறுபடி சிமெண்ட் வர்ற வரைக்கும் பசங்க உக்காந்துக்கட்டும்" என்று பேங்க் சார் வாடகை இல்லாமல் கொடுத்திருந்தார்.

திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு வாண்டு என் பாவாடையைப் பிடித்து, "அக்கா, கத்திரி இவன் தரமாட்றான்" என்றது. கத்திரியைப் பிடுங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான், வேலையில் சேர்ந்துவிட்டேன். தினமும் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். ஆனால் கொட்டகையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் என் தலைக்குள் சத்தமே இருக்காது. நாள் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பேன். அது இல்லாமல் போனால் மறுபடி அந்தச் சுவர்தான்.

லீசாவுக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. எனக்கு எந்த மொழியும் இல்லை. அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அவள் கையால் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். தமிழில் அவளுக்கு இரண்டு வார்த்தை தெரியும். ஒன்று "போதும்". அதைச் சோறு போடும்போது சொல்வாள். இன்னொன்று "நல்லா இருக்கு". அதை மற்ற எல்லாவற்றுக்கும் சொல்வாள். மழைக்கு, கொசுவுக்கு, பஸ் போய்விட்டதற்கு.

அவள் காசு கொடுத்து எதையும் வாங்க விடமாட்டாள். தேங்காய் ஓட்டில் ஆமை, தீப்பெட்டியில் ரயில், கிழிந்த செருப்பில் ரப்பர் ஸ்டாம்பு, இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பழைய பேப்பர், மைதாப் பசை, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பாக்கெட் பலூன் எடுத்து வைத்தாள். பலூனை ஊதி, மேலே பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டி, காயவைத்து, பலூனை உடைத்தால் உள்ளே வெற்றாக ஒரு தலை கிடைக்கும். அதில் முகம் வரைய வேண்டும்.

யார் முகம் என்று கேட்டேன். அவள் நெஞ்சில் கை வைத்து, கண்ணைக் காட்டி, தூரத்தைக் காட்டினாள். நான் பிள்ளைகளிடம், "உங்களுக்கு யாரைப் பாக்கணும்னு ஆசையோ அவங்க மூஞ்சி" என்றேன். இன்றைக்கும் அந்த மொழிபெயர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன்.

டென்மார்க் வெயிலில் பலூன் எப்படியோ, தாம்பரம் வெயிலில் பேப்பர் காய்வதற்கு முன்னாலேயே பட் பட் என்று வெடித்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு கன்னம் உள்ளே போய்விட்டது. பெயிண்ட் கிடையாது. கறுப்புக்கு அடுப்புக்கரி, சிவப்புக்குச் செங்கல் பொடி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு. பல்லுக்குப் பூசணி விதை. முடிக்குத் தேங்காய் நார். இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். கரிக் கண்ணும் செங்கல் வாயும் பூசணிப் பல்லும் நார் முடியும் ஒடுங்கின கன்னமும் உள்ள முகம் என்னவாக இருக்கும்? ஒரு குழந்தை தன் மாமாவைச் செய்தது, ஒன்று ஊரில் இருக்கும் ஆயாவைச் செய்தது, ஒன்று இட்லிக்கடை அக்காவைச் செய்தது. எல்லாம் ஒரே சாயலில் வந்தது. எங்கள் யாருக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. லீசா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள்.

மஞ்சுளா என்று ஒரு பெண் இருந்தாள், நாலாங்கிளாஸ். அவள் பேங்க் சாரைச் செய்தாள். கொட்டகை கொடுத்ததோடு ஒரு தரம் பிஸ்கட்டும் கொடுத்தாராம். அதற்கு அவள் எங்கிருந்தோ ஒரு நிஜமான மூக்குக் கண்ணாடி கொண்டுவந்து மாட்டியிருந்தாள்.

"ஏதுடி இது?"

"கொட்டாய் மூலையில கெடந்துச்சுக்கா. ஒரு காது இல்ல."

சரி, குப்பை என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் ஒரு பலூன் மிச்சம் இருந்தது. அப்பாவைச் செய்யக் கூடாது, அப்பாவைச் செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒட்டினேன். நார் மீசை வைத்தேன். தலையில் சிவப்புத் துணி சுற்றினேன். காதோரம் ஒரு துண்டுப் பென்சில் சொருகினேன். லீசா பக்கத்தில் வந்து, யார் என்று கண்ணால் கேட்டாள். யாருமில்லை என்று தலையாட்டினேன். அவள் முதல் முறையாக "நல்லா இருக்கு" சொல்லாமல் இருந்தது அப்போதுதான்.

முதல் நாள் தலைகளைக் காம்பவுண்டு சுவரில் வரிசையாக வைத்தோம். மறுநாள் வந்து பார்த்தால் மூன்றைக் காணோம். நாலாவதை ஒரு மாடு மென்றுகொண்டிருந்தது. கேம்ப் ரோட்டு மாடுகளுக்கு மைதாப் பசை என்றால் உயிர். சுவரில் போஸ்டர் காயக்கூட விடாது.

அது பால்கார ஏழுமலை அண்ணனின் மாடு. சண்டை போடலாம் என்று போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"ஏம்மே கோமதி, எம்மாட்டுக்கு இன்னாத்தப் போட்டீங்க? காலைலேர்ந்து தவுடு வச்சா மோந்துகூடப் பாக்கமாட்டுது. உங்க கொட்டாய் பக்கமே மூஞ்சத் திருப்பிகினு நிக்குது."

"அண்ணே, உங்க மாடு எங்க தலைய தின்னுடுச்சு."

"இன்னாது?"

"பேப்பர் தலைண்ணே. பசங்க செஞ்சது. அந்தக் கொழந்த ஆயா மூஞ்சி போச்சுன்னு அழுவுது."

அவர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல எங்கனா வைம்மா. கைக்கு எட்னா மாடு துன்னத்தான் செய்யும். நான் இன்னா, அதுக்கு டியூசனா வைக்க முடியும்?"

மேலே என்றால் எங்கே? மாட்டுக்கு எட்டாத ஒரே இடம், அந்தச் சாரம். சவுக்குக் கம்புகள் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன, தலை சொருக அளவெடுத்த மாதிரி. அங்கே யாரும் வரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த விஷயம் வேறு. அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்ட தேவராஜ் அண்ணன் அந்த வேலையை எடுத்திருந்தார். மேஸ்திரியாக அவருக்கு முதல் வேலை. திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆரம்பிப்பதாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி, கும்பிட்டுவிட்டும் போயிருக்கிறார். அம்மா என்னிடம் சொல்லவில்லை. அப்பா பேச்சு வந்துவிடும் இல்லையா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். பிள்ளைகள் கீழேயிருந்து ஒவ்வொரு தலையாகக் கொடுத்தார்கள். பாதி ஏறினபிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. கயிற்று முடிச்செல்லாம் அப்பா போட்டது. ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"அக்கா, பேங்க் சாரை எங்க வைக்கிறது?" என்று மஞ்சுளா கத்தினாள்.

தெருமுனைக் கம்பில் அப்பாவை வைத்தேன். பக்கத்துக் கம்பில் பேங்க் சாரை வைத்தேன். ஜன்னல் அளவுக்காக அவர்கள் இரண்டு பேரும் அந்த மூலையில் நின்றுதான் தினமும் சண்டை போடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில், காய்ந்திருக்கும், தலைகளை இறக்கலாம் என்று நான் வந்தபோது தெருவில் கூட்டம். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். குடத்தோடு பெண்கள் நின்றார்கள். அப்பாவின் ஆட்கள் அத்தனை பேரும் சாந்துத் தட்டும் கரண்டியுமாக எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்றார்கள். தேவராஜ் அண்ணன் நடுத்தெருவில் புதிதாக வாங்கிய திருஷ்டி பொம்மை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே கட்டுவது என்று தெரியாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது தலையும் விடியற்காலைப் பனியில் கரி இளகி, கண்ணிலிருந்து கறுப்பாக ஒழுகவிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தன.

"வூட்டுக்கு ஒன்னு கட்டுவாங்க. இது இன்னாடா, மொத்த சேலையூருக்கும் சேத்துக் கட்ன மாதிரி கீது" என்றான் ஒருவன்.

"யாரோ மை வச்சு வுட்டுக்கிறாம்பா. ஒழுவுது பாரு. நான் ஏறமாட்டேன், எனக்குக் கொழந்தகுட்டி கீது."

"ஏறலைன்னா எப்படிடா? நல்ல நேரம் போய்க்கினு கீதுடா" என்று தேவராஜ் அண்ணன் கெஞ்சினார்.

"நல்ல நேரத்துல நீ ஏறேன், மேஸ்திரி."

தேவராஜ் அண்ணன் ஏறவில்லை.

அப்போது பேங்க் சார் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் அவர் வீட்டம்மா மடியில் தேங்காய், பழத்தட்டு. அவர் இறங்கி, இது என்ன கூட்டம் என்று மேலே பார்த்தார். ஸ்டாண்டு போட மறந்துவிட்டார். ஸ்கூட்டர் சாய்ந்து, தேங்காய் உருண்டது.

"ஏங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக. "அந்த ரெண்டாவது கம்புல இருக்கறது... உங்க கண்ணாடி மாதிரி இல்ல?"

"மாதிரி இல்ல. என் கண்ணாடியேதான். ஆறு மாசமாத் தேடறேன்."

கூட்டத்தில் யாரோ, "பாத்தியா, ஆளோட பொருள் ஒன்னு எடுத்துத்தான் வைப்பானுங்க" என்றார். பேங்க் சார் படித்தவர். இதையெல்லாம் நம்பாதவர். மெல்ல நடந்து போய் மணல் குவியலில் உட்கார்ந்து, தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, தலைகளை இறக்க உதவலாம் என்று லீசா சைக்கிளில் வந்து இறங்கினாள். அவ்வளவு பெரிய கூட்டம் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல். கண்காட்சி என்றே நினைத்துவிட்டாள். கையைத் தட்டி, நேராகப் பேங்க் சாரிடம் போய், "நல்லா இருக்கு" என்றாள்.

பேங்க் சார் அவளைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

இங்கிலீஷில் யார் செய்தது என்று கேட்டிருப்பார் போல. லீசா பெருமையாக என்னைக் காட்டினாள். "கோமதி," என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு." ரொம்ப என்பதை எப்போது கற்றுக்கொண்டாளோ, அன்றைக்குத்தான் வெளியே எடுத்தாள்.

தெரு முழுக்க என் பக்கம் திரும்பியது. சொன்னேன். பலூன், பசை, மாடு, எல்லாம் சொன்னேன். மாடு தின்றதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை.

பேங்க் சார் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார். "எடம் குடுத்ததுக்கு நல்ல மரியாதைம்மா. இன்னிக்கே கொட்டகையக் காலி பண்ணிடுங்க. எனக்கு இது சரிப்பட்டு வராது."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுபடி அந்தச் சுவர். லீசாவுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்தது. அவள் கை தட்டுவதை நிறுத்தினாள்.

மஞ்சுளா ஸ்கூல் பையோடு கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்தாள். "சார், அது நீங்கதான் சார். நான்தான் செஞ்சேன். கண்ணாடி வேணும்னா எடுத்துக்கங்க சார், ஆனா மூஞ்சி என்னுது."

அவர் மேலே பார்த்தார். பிறகு வீட்டம்மாவிடம் தாழ்ந்த குரலில், "எனக்கு மூக்கு அவ்வளவு பெரிசா?" என்றார்.

"கொஞ்சம் கம்மியாத்தான் பண்ணியிருக்கா" என்றார் அந்த அம்மா.

தெருவில் முதல் சிரிப்பு அப்போது வந்தது. ஆனால் எதிர்ச்சாரியிலிருந்து ஓர் ஆளும் நகரவில்லை. ஆள் ஏறாவிட்டால் வேலை இல்லை, நல்ல நேரம் போனால் அந்தப் பழி என் தலையில், கொட்டகையும் போச்சு.

பச்சையம்மா என்று ஒரு சித்தாள். அப்பாவிடம் பல வருஷம் கல்லும் மண்ணும் சுமந்தவள். அவள் மட்டும் சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து, மூலைக் கம்புக்குக் கீழே போய் நின்றாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"டேய் தேவராசு. இங்க வா."

"அங்கேர்ந்தே சொல்லு."

"வாடான்னா. காதுல பென்சில் சொருவிகினு நிக்குதே, இது யாரு?"

தேவராஜ் அண்ணன் வந்து பார்த்தார். கையிலிருந்த பொம்மை மெல்லக் கீழே இறங்கியது. "மேஸ்திரி" என்றார்.

ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். அழப்போகிறேன் என்று நினைத்தேன். பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தத் தலையிடம் பேசினாள்.

"இன்னா மேஸ்திரி, நாங்க லேட்டா வந்தோம்னு மேல ஏறிகினு மொறைக்கிறியா? வெத்தல போட்டுட்டு வந்தோம், அஞ்சு நிமிசம். அதுக்கின்னாத்துக்கு இப்டிக் கண்ண உருட்ற?"

சிரித்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். குழந்தைகுட்டி இருக்கிறது என்று சொன்னவன்தான் முதலில் சாரத்தில் கால் வைத்தான். "உசுரோட இருக்கசொல்லோ பாத்ததவிட இப்ப கொஞ்சம் பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். தேவராஜ் அண்ணன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "மத்ததெல்லாம் எறக்கு. அது இருக்கட்டும்" என்றார். வாங்கி வந்த பொம்மையை மணலில் படுக்கவைத்தார்.

பேங்க் சார் தன் தலையைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு காதிலேயே மாட்டிப் பார்த்தார். பிறகு மூலைக் கம்பைப் பார்த்தார்.

"இவர் இங்க நின்னார்னா நான் எப்படிம்மா ஜன்னலைப் பெரிசு பண்ணச் சொல்றது?"

"சொல்லாதீங்க சார்" என்றேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது.

"சரி, கொட்டகை இருக்கட்டும்" என்றார் அவர். "சிமெண்டுக்குப் பின்னாடி வேற கூரை போட்டுக்கலாம். ஆனா இனிமே என் மூஞ்சியச் செய்யறதுன்னா என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்க." லீசா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். அவள் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் சானடோரியம் வரை போய்விட்டது. சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போகாமல், டிபன் பையோடு நேராக அங்கே வந்தாள். நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"மீசை இவ்ளோ இல்லடி அந்த மனுஷனுக்கு" என்றாள். "இருந்திருந்தா நான் கட்டிக்கிட்டே இருக்கமாட்டேன்."

அப்புறம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. நானும் அப்படியே. வீட்டுக்கு நடந்து போகும் வழி முழுக்க அப்பா பேச்சுதான். சாப்பிடும்போது அவர் தட்டை நிமிர்த்தி, அதில் அம்மா அப்பளம் வைத்தாள்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. லீசா ஊருக்குப் போய்விட்டாள். பேங்க் சார் வீட்டு ஷோகேசில் அவர் தலை இருக்கிறது, வருகிறவர்களிடம் மூக்கைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார். வகுப்பை நானும் மஞ்சுளாவும் வேறு கொட்டகையில் நடத்துகிறோம். பேப்பர் தலை மழையில் கரைந்துவிடும், அதனால் தேவராஜ் அண்ணன் ஒவ்வொரு புது வேலைக்கும் வந்து, "கோமதி, மேஸ்திரி ஒன்னு வேணும்" என்று கேட்பார். வேறு பொம்மை அவர் ஆட்களுக்குச் சரிப்படாது. மீசை மட்டும் அம்மாவிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

போன மாசம் ஏழுமலை அண்ணன் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தப்பா நெனச்சிக்காதம்மா. காய வச்சிருந்த உங்கப்பாவ எம்மாடு துன்னுடுச்சு" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "பரவால்ல விடுங்க, அவருக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?" என்றாள்.

தினமும் காலையில் அம்மா கம்பெனிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கு உங்கப்பாவுக்கு எங்கடி வேலை?"

"மாடம்பாக்கத்துல, மாடி வீடும்மா."

"பாத்து இறுக்கிக் கட்டச் சொல்லு. எறங்கி டீ குடிக்கப் போயிடப்போறார்."